விளாவிய கசாயம்

சூடாக இருக்கும் எதையும் எனக்கு விளாவிக் கொடுக்கக் கூடாது. வெந்நீரோ சீரகத் தண்ணீரோ, அதில் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துச் சூட்டைத் தணித்து நீட்டினால் வாங்கவே மாட்டேன். தானாக ஆறட்டும் என்று எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இது பெரிய கேலி. உறவுக்காரர் விருந்துகளில், நாக்கு வெந்தாலும் இவள் பிடிவாதம் மட்டும் வேகாது என்று என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். சொல்லட்டும். அவர் என் அக்காவைப் பார்த்ததில்லை.

உத்திரமேரூரிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றால், எதிரே ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று ஊருக்குப் போகும், மற்றது எங்கள் காலனிக்கு. பிரிகிற அந்த முனையில்தான் அக்காவும் மாமாவும் கசாயக் கடை போட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு உத்திரமேரூருக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன். காலை பஸ் எப்போது வரும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. அதுவரை கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் நடந்தது எல்லாவற்றையும் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போது நினைப்பதையும் சேர்த்து.

அக்காவுக்கு டீ என்றால் உயிர். ஆனால் வெளியில் கேட்டால் எனக்கு டீயே பிடிக்காது என்பாள். காரணம் ஊருக்குள் இருந்த டீக்கடை. அங்கே எங்கள் ஆட்களுக்கு என்று தனி கிளாஸ், வெளியே ஒரு பலகையில் கவிழ்த்திருக்கும். குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும். சின்ன வயதில் ஒரே ஒருமுறை அதில் குடித்தாள், அதோடு சரி. கல்யாணமாகி, செங்கல் சூளை வேலையில் மாமாவின் இடுப்பு போய் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு, என்ன கடை போடலாம் என்று பேச்சு வந்தது. டீக்கடை போட்டால் ஊர்க்காரன் எவனும் வர மாட்டான் என்று மாமா சொன்னார். அப்படியானால் மருந்து விற்போம், வயிறு கெட்டவன் ஜாதி பார்க்க மாட்டான் என்றாள் அக்கா. அவள் அப்படித்தான் பேசுவாள், சிரித்துக்கொண்டே குத்துவாள்.

கசாயம் ஒன்றும் ரகசியமில்லை. சுக்கு, ஓமம், சீரகம், தனியா, கொஞ்சம் சோம்பு. எல்லாவற்றையும் மண்சட்டியில் வாசனை கிளம்பும்வரை வறுத்து, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக் கொதிக்க விடுவாள். பாதியாகச் சுண்டியதும் வெல்லம், கறிவேப்பிலை. முதல் நாள் மிஞ்சிய கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்களுக்கு வயிறு கல் மாதிரி இருக்கும். ஒரு கிளாஸ் உள்ளே போனால் ஏப்பம் வரும், முகம் தெளியும். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த ஓம வாசனையே பாதி மருந்து. கடையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். அக்கா வரிசையாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள், ஊருக்குப் போகிற ரோட்டில் இருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி.

தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்க் கிணற்றில் எங்களை இறைக்க விடாத காலத்தில், எங்கள் பெண்கள் அந்தக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு யாராவது மனசு வைத்து ஊற்றுவார்களா என்று வெயிலில் நிற்பார்களாம். ஏரிக்கரைக்குக் கீழே இந்தக் கிணற்றை எங்கள் ஆண்கள், கூலி வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் தோண்டினார்கள். அதில் எங்கள் நைனாவும் ஒருவர். தண்ணீர் தேன் மாதிரி. எங்கள் தெருவில் நீங்கள் சாமியைத் திட்டலாம், சர்ச்சுக்கு வராமல் இருக்கலாம், கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

முதலில் எங்கள் ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். பிறகு ஒருநாள் ஊரில் ஏரிப்பாசன நிலமெல்லாம் வைத்திருந்த பெரியவர் ஒருவர், கல்யாண விருந்து சாப்பிட்டு வயிறு உப்பி, பஸ்ஸுக்காக வந்தவர், வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளாஸ் கேட்டார். நின்றபடியே குடித்தார். மறுநாள் பஸ் ஏறுகிற வேலை இல்லாமலேயே வந்தார். அவர் வந்ததும் ஊரில் மற்றவர்களுக்கும் வயிறு வலிக்க ஆரம்பித்தது.

கசாயம் அடுப்பிலிருந்து நேராக வருவதால் வாய் வைக்க முடியாது. அவசரக்காரர்களுக்காக அக்கா பக்கத்துப் பானையிலிருந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிக் கொடுப்பாள். வேலைக்கு ஓடுகிற எங்கள் பெண்களுக்காக ஆரம்பித்த பழக்கம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு, அவசரமே இல்லாதவர்களுக்கும், கேட்காமலேயே விளாவினாள். அதுவும் அவர்கள் கண்ணெதிரே, பானையைத் திறந்து, சொம்பை நன்றாக உயர்த்தி. ஒருநாள் அந்தப் பெரியவர் போனபிறகு ஏன் என்று கேட்டேன்.

"கொதிச்சது நெருப்புல போனதுடி, அது யார் தண்ணின்னு சொல்ல முடியாது. பச்சத்தண்ணி குடிச்சாதான் நம்ம கெணத்துத் தண்ணியக் குடிச்சதா அர்த்தம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை அப்போது கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகப் பாய்ந்தது. ஊர்ப்பக்கத்துச் சாக்கடை, வயலில் ஒதுங்குகிற இடம், மாட்டுக்கொட்டகை எல்லாம் சேர்ந்த வெள்ளம் கிணற்றின் சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே போயிற்று. மழை விட்டு வெயில் அடித்ததும் தண்ணீர் தெளிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் வானம் தெரியும். நைனா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, முன்னைவிட ருசியாக இருக்கிறது என்றார். எல்லாரும் இறைக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை தரித்துச் சில மாதம் ஆகியிருந்தது. தலைச்சன்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடையில் கூட்டம் தாங்கவில்லை. பசியே இல்லை, வாய் கசக்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அக்கா சுக்கைக் கூட்டிப் போட்டாள். மாமா இன்னொரு அடுப்பு வைத்தார். கடை நன்றாக நடக்கிறது என்று எல்லாருக்கும் பெருமை. எனக்கு மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க என்னமோ போல இருந்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒருநாள் காலை வெளிச்சத்தில் பெரியவர் கிளாஸை வாங்க நிமிர்ந்தபோது அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

காமாலை என்றதும் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. எங்கள் பக்கம் வருடா வருடம் நாலு பேருக்கு வருவதுதான். அக்கா கீழாநெல்லி அரைத்துக் கசாயத்தோடு கொடுத்தாள். பெரியவருக்குச் சில வாரத்தில் சரியாகிவிட்டது. மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகச் சரியாயிற்று. எல்லாரும் கசாயத்தைப் புகழ்ந்தார்கள். ஏனாத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த மகளுக்கு ஒருத்தி பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனாள். பெரியவர் தன் மருமகளுக்குத் தூக்கில் வாங்கிப் போக ஆரம்பித்தார். அந்தப் பெண்ணும் மாசமாக இருந்தாள், அக்காவைவிட ஒரு மாதம் முந்தி. அவளுக்கும் வாய் கசக்கிறதாம். தூக்கில் ஊற்றும்போது, வழியில் சிந்தினால் சுடாமல் இருக்கட்டும் என்று அக்கா விளாவித்தான் ஊற்றினாள்.

சுகாதார நிலையத்திலிருந்து அக்காவுக்குச் சத்து மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸம்மா, காமாலை பரவுகிறதைக் கேள்விப்பட்டுக் கிணற்றை வந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், அதுவரை கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது, முக்கியமாக வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என்றார். நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் தண்ணீர் அசுத்தம் என்று இத்தனை காலம் ஊர்க்காரன் சொன்னான், இப்போது சர்க்காரும் சொல்ல வந்துவிட்டதா என்று கேட்டார். அந்த அம்மா பாவம், அவர் சொன்னது புழுவையும் கிருமியையும். நைனாவின் காதில் விழுந்தது வேறு. பவுடர் போட விடவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே காதோடுதான் கேட்டிருப்பேன் என்பதும் தெரியும்.

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் அக்கா பெரிய குண்டானில் தண்ணீர் காய வைத்தாள். நைனா கேட்டதற்குக் குளிக்க என்றாள். ஆறியதும் அதைத்தான் குடிக்கிற பானையில் ஊற்றினாள், காலையில் கடைப் பானையிலும் அதையே நிரப்பிக்கொண்டு போனாள். ஊர்க்காரர்களுக்கு வழக்கம்போல சொம்பை உயர்த்தி விளாவினாள். முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம் மட்டும் இல்லை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்று கண்ணாலேயே சொன்னாள். சொன்னால் கிணறு கெட்டது என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

தை பிறந்து பொங்கல் முடிந்த கையோடு பெரியவரின் மருமகள் செத்துப்போனாள். காமாலை முற்றி, நினைவு தப்பி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. பிள்ளையும் போயிற்று.

எங்கள் தெருவில் அன்று யாரும் உரக்கப் பேசவில்லை. கோழிகளைக்கூடச் சீக்கிரம் அடைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஊரிலிருந்து நாலைந்து ஆண்கள் கடைக்கு வந்தார்கள். பெரியவர் வரவில்லை. வந்தவர்கள் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. பெஞ்சில் உட்காரவும் இல்லை. கசாயத்தில் என்னென்ன போடுகிறாய் என்று அதில் ஒருவன் கேட்டான். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்றான். அதையும் சொன்னாள். காலனித் தண்ணியில் எதையோ கலந்து ஊற்றி ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது, எங்களால் எத்தனை பேரைப் பிடித்து வைக்க முடியும் என்று மெதுவாகச் சொன்னான். உதவி செய்ய வந்தவன் மாதிரியே பேசினான். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா கும்பிடவில்லை. பானையில் ஒரு சொம்பு மொண்டு, அவர்கள் எதிரிலேயே குடிக்கப் போனாள்.

"இத்தக் கொதிக்க வெச்சிக்கூட வெச்சிருப்ப. கெணத்துல மொண்டு குடி, பாக்கலாம்" என்றான் அவன்.

நர்ஸம்மா சொன்னது ஊருக்குள்ளும் போயிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், ஒரு நொடிதான். பிறகு சொம்பைக் கவிழ்த்துவிட்டு முன்னே நடந்தாள். ஊர் ஆண்கள் எங்கள் கிணற்றடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. நைனாவும் நின்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அக்கா கயிற்றை விட்டு இறைத்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு முழுச் சொம்புத் தண்ணீரையும் குடித்தாள்.

"எனக்கும் வவுத்துல புள்ள கீது. பாத்துக்கினீங்களா?" என்றாள்.

பார்த்துக்கொண்டார்கள். போகும்போது, பேச்சு அடங்குகிறவரை தினமும் இப்படியே செய், யாராவது ஒருவர் வந்து பார்ப்போம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சண்டை போட்டேன். அழுதேன். "நான் குடிக்கலன்னா இன்னா ஆவும், சொல்லு. தெருவையே கொளுத்திடுவானுங்க. கொதிக்க வெச்சிக்கினு கீறேன்னு சொன்னா, தெரிஞ்சிதான் அந்தப் பொண்ணுக்குக் குடுத்தியான்னு கேப்பானுங்க" என்றாள்.

அப்புறம் தினமும் காலையில் ஒருவன் வந்து நின்றான். சில நாள் சைக்கிளைவிட்டு இறங்காமலேயே பார்த்துவிட்டுப் போவான். அக்கா இறைப்பாள், குடிப்பாள். வீட்டில் கொதித்த தண்ணீர், கிணற்றடியில் பச்சைத் தண்ணீர். கிணற்றடியிலிருந்து திரும்பியதும் தனக்கென்று ஒரு கிளாஸ் கசாயம் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பாள், உள்ளே போனதை அது கொன்றுவிடும் என்கிற மாதிரி. நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சாக்கில் அவள் கண்ணைப் பார்ப்பேன். அவளுக்குத் தெரியும். "வெள்ளையாத்தான் கீது, போய் டைப் அடி" என்று விரட்டுவாள். வெள்ளையாக இருந்த ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜெபம் செய்வேன்.

ஏழாம் மாதத்தில் வளையல் போட்டோம். ரெண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தவளுக்குப் பெண்கள் கலந்த சாதம் ஊட்டினார்கள். புளிச் சாதத்தை ஒரு வாய் வாங்கிவிட்டு, வாய் கசக்கிறது என்றாள். சுற்றி இருந்தவர்கள் மாசக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மாசி மாதம் காலையில் வெயில் சாய்வாக விழும். அந்த வெளிச்சத்தில் ஒருநாள் அவள் கண் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் என்னை விரட்டவில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் முதலில் கேட்டது எந்தத் தண்ணீர் குடித்தாள் என்பதுதான். இந்தக் காமாலை மற்றவர்களைப் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும், மாசமாக இருப்பவர்களைத்தான் விடாது என்றார். அப்படியானால் கசாயம் குடித்துப் பிழைத்தவர்கள் என்று மாமா ஆரம்பித்தார். குடிக்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கு அது கேட்டிருக்காது. நினைவு போய்விட்டிருந்தது. பிள்ளை செத்துப் பிறந்தது, பெண். மறுநாள் அவளும் போய்விட்டாள்.

கல்லறையில் புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிற்பகலில் ஊர்ப் பெரியவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தனியாக வந்தார். பந்தலுக்குக் கீழே கிடந்த நாற்காலியில், யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தார். மருமகள் போனதிலிருந்து ஆள் பாதியாகியிருந்தார். நைனா எதிரில் கைகட்டி நின்றார். வெயில் கொளுத்தியது. பெரியவர், "குடிக்கத் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

அக்கா இதற்காகத்தான் கடை போட்டாள். ஊரில் பெரிய மனுஷன் ஒருவன் எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து, வாய்விட்டுத் தண்ணீர் கேட்க வேண்டும் என்று. நைனா வாசல் குடத்தை நோக்கிப் போனார். காலையில் இறைத்த கிணற்றுத் தண்ணீர். நான் குறுக்கே போய் அவர் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பெரியம்மா ஒருத்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த கசாய அடுப்பை வாசலுக்கு இழுத்து, எல்லாரும் பார்க்க மூட்டினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறவரை அடுப்பை விட்டு நகரவில்லை. நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் விளாவவில்லை. அப்படியே சொம்பில் ஊற்றிப் பெரியவர் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அடுப்பையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகம் மாறியது.

"அன்னிக்கே கொதிக்க வெச்சிருந்தா எம் மருமவ இருந்திருப்பாளேம்மா" என்றார்.

"தெரிஞ்ச அன்னியிலேர்ந்து கொதிக்க வெச்சிக்கினுதாங்க இருந்தா. உங்க ஆளுங்கதான் கெணத்துல மொண்டு குடின்னு நின்னு பாத்தாங்க" என்றேன்.

அக்கா கொதிக்க வைத்தது குளிக்க இல்லை என்று நைனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடியே அவர் தோள் குலுங்கியது. பெரியவர் துண்டால் சொம்பைப் பிடித்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆவி அடங்கியது. தண்ணீர் ஆறி ரொம்ப நேரமாகியும் அவர் அதைக் குடிக்கவில்லை.